பழைய காருக்கு எவ்வளவு ஐ.டி.வி. போடுவது?

1966இல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகர வேலை ஒழுங்காகப் பார்த்து, அதே 948 சி.சி. என்ஜினோடு ஓடுகிற கார். விற்கப்போனால் ஐந்து லட்சம் ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி., அதாவது கார் திருடுபோனாலோ முழுதாக அழிந்தாலோ நிறுவனம் தரும் உச்சத் தொகை, 80,000 ரூபாய் என்று இருக்கிறது. இப்படிப்பட்ட பாலிசிகள் அபூர்வமானவை அல்ல. ஏஜென்ட் ஒவ்வொரு வருடமும் போன வருடத் தொகையிலிருந்து பத்து சதவீதத்தைக் கழித்துப் போட்டுக்கொண்டே வருவார். பிரீமியம் குறைகிறதே என்று உரிமையாளரும் கேள்வி கேட்க மாட்டார். அந்த எண் எப்படி வந்தது என்று இருவருக்குமே தெரியாது.

கார் அடிபட்ட பிறகு அதன் மதிப்பு கணக்கிடப்படுவதில்லை. பாலிசி போடும் நாளிலேயே அது முடிவாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு ஆதாரம் கொண்டுவந்தாலும் அந்தத் தொகை மாறாது. பழைய கார் வைத்திருப்பவர் இன்ஷூரன்ஸைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு அட்டவணை கிடையாது

ஐ.டி.வி. என்பது உரிமையாளர் அறிவித்து, நிறுவனம் ஏற்றுக்கொண்ட காப்பீட்டு மதிப்பு. வண்டி இன்ஷூரன்ஸின் கட்டணங்களையும் விதிகளையும் வகுத்த 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் இதற்கு ஒரு தேய்மான அட்டவணை தருகிறது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, பிறகு வருடத்துக்குப் பத்து கூடி, ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதம். அட்டவணை அதோடு முடிகிறது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும், நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி. என்று அதே விதி சொல்கிறது. 2007இலிருந்து சொந்தச் சேதப் பகுதியின் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. ஆனாலும் பாலிசி வாசகங்களுக்கு அடிப்படை இன்றும் பெரும்பாலும் இந்த டாரிஃப்தான்.

ஆக, ஹெரால்டுக்கு 80,000 என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஐந்து லட்சம் என்று கேட்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. எந்த ஆதாரத்தோடு கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு. முழு இழப்பு ஏற்பட்டால், பாலிசி காலம் முழுவதும் ஐ.டி.வி.யே சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கப்படாது. அமெரிக்காவில் கிளாசிக் கார் பாலிசிகளை விற்கும் ஹேகர்ட்டி போன்ற நிறுவனங்கள், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பை முழுமையாகத் தருவதைத்தான் தங்கள் முக்கியச் சிறப்பாகச் சொல்கின்றன. இந்தியாவில் ஹெரால்டு போன்ற, 1940க்குப் பிந்தைய காருக்கு அந்தப் பெயரில் பாலிசி கிடைக்காவிட்டாலும், சரியாகப் பேசி முடித்த ஐ.டி.வி. முழு இழப்பில் ஏறக்குறைய அதே பாதுகாப்பைத் தரும். உங்கள் பாலிசியில் இந்த வாசகம் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

குறைந்த ஐ.டி.வி. காரையே எடுத்துக்கொண்டு போகும்

ஐ.டி.வி. குறைவாக இருந்தால் திருடுபோகும்போது மட்டும்தான் நஷ்டம், சின்ன அடிக்குப் பாதகமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது முழு இழப்புக்குச் சமமாகக் கருதப்படும்.

ஹெரால்டில் பானெட்டும் இரண்டு முன் ஃபெண்டர்களும் ஒரே துண்டு, முன்பக்கம் கீல் வைத்து மொத்தமாகச் சாயும். அதனால் சிக்னலில் மெதுவாக இடித்தால்கூட முழு முகப்பும் சேர்ந்து கெடும். ஒரு பில்லைக் கற்பனை செய்வோம்: உலோகப் பாகங்கள் 60,000, ரப்பர் பீடிங்குகள் 8,000, முன் கண்ணாடி 15,000, பெயின்டிங் மொத்தமாக 80,000, டிங்கரிங் கூலி 70,000. கூட்டினால் 2,33,000 ரூபாய். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களில் 50 சதவீதம் கழியும், அதாவது 30,000. ரப்பருக்கும் பாதி, 4,000. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்டிங் மொத்த பில்லாக இருந்தால் அதில் கால் பங்கைப் பெயின்ட் பொருளின் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். அது 10,000. 1,500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. மீதி 1,88,000 ரூபாயை நிறுவனம் தரவேண்டும்.

ஐ.டி.வி. ஐந்து லட்சமாக இருந்தால் 75 சதவீத எல்லை 3,75,000. பில் அதற்குள் அடங்குகிறது, கார் பழுதுபார்க்கப்பட்டு வீட்டுக்கு வரும். ஐ.டி.வி. 80,000 என்றால் எல்லை வெறும் 60,000. அதே அடி இங்கே முழு இழப்பாகிவிடுகிறது. கையில் வருவது 79,000. காரை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதன் சால்வேஜ் மதிப்பை, அதாவது அடிபட்ட நிலையில் அது போகும் விலையை, கழித்துக்கொண்டு மீதியை வாங்க வேண்டும். ஆர்.சி.யை ரத்து செய்துவரச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். அன்றைய மதராஸ் மாநிலத்தின் பழைய எம்.எஸ். வரிசை நம்பரோடு இருக்கும் கார் அந்த நம்பரை இழந்தால், மீட்டுக் கட்டினாலும் ரோட்டில் ஓட்ட முடியாது.

இதற்கான விலை என்ன? சென்னை போன்ற ஏ மண்டல நகரில், 1,000 சி.சி.க்கு உட்பட்ட, பத்து வருடம் தாண்டிய காருக்கு அந்த டாரிஃப் வைத்த விகிதம் 3.362 சதவீதம். 80,000க்கு 2,690 ரூபாய், ஐந்து லட்சத்துக்கு 16,810 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. இன்றைய போட்டியில் இதற்குக் கீழேயே பேசி வாங்கலாம். வருடத்துக்குப் பதினான்காயிரம் கூடுதல் என்பது சின்னத் தொகை அல்லதான். ஆனால் அதை மிச்சம் பிடிப்பவர் ஐந்து லட்சம் ரூபாய்ப் பொருளை 80,000க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதைத் தெரிந்தே செய்யட்டும்.

1940, 50 வருடம், 30 வருடம்

பழைய கார் எது என்பதற்கு ஒரே வரையறை இல்லாததால் குழப்பம் வருகிறது. மோட்டார் டாரிஃபின்படி விண்டேஜ் கார் என்றால் 31-12-1940க்கு முன் தயாராகி, விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சான்றளித்தது. ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசியை அதன் பெயரிலேயே வாங்க இந்த வகைக்குத்தான் வழி. சொந்தச் சேதப் பிரீமியத்தில் 25 சதவீதத் தள்ளுபடியும் இவற்றுக்கே.

2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் பராமரிக்கப்படும் இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் விண்டேஜ். படிவம் 20இல் விண்ணப்பிக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், செல்லுபடி பத்து வருடம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட நம்பர் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பதிவான தனியார் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடியை 2022ஆம் ஆண்டு விதிகள் தருகின்றன. 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு அந்த விதிகளின்படி 2,094 ரூபாய், பாதியானால் 1,047.

மூன்றாவது, ஃபிவா என்ற சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பின் அளவுகோல். குறைந்தது 30 வருடம், வரலாற்று ரீதியாகச் சரியான நிலை, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாமை. இதற்கு இந்தியச் சட்டத்தில் நேரடிப் பலம் இல்லை. ஆனால் ஃபிவா அடையாள அட்டை இருந்தால் காரின் மூலத்தன்மைக்கு நல்ல ஆதாரம்.

1966 ஹெரால்டு டாரிஃபின் கணக்கில் விண்டேஜ் அல்ல, மோட்டார் வாகன விதியில் விண்டேஜ் ஆகலாம். அம்பாஸடர் மார்க் 2, ஃபியட் 1100 டிலைட், பழைய பிரீமியர் பத்மினி என நம் ஊரில் உண்மையில் புழங்கும் கார்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. அவற்றுக்கு ஐ.டி.வி. பேச்சுவார்த்தை ஒன்றே வழி.

விண்டேஜ் பதிவுக்கு அவசரப்படவும் கூடாது. அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு ஓட்டுபவர் தள்ளுபடிக்காக இதில் இறங்கினால், ஒரு திங்கட்கிழமை காலை விபத்தில் நிறுவனத்துக்கு மறுப்புக் காரணத்தைத் தானே எழுதிக் கொடுத்ததாகும்.

மதிப்பு எங்கே இருக்கிறது

அமெரிக்காவில் ஹேகர்ட்டி, கார்களின் நிலையை 1 முதல் 4 வரை தரம் பிரித்து விலைப்பட்டியல் வெளியிடுகிறது. போட்டிக்கு நிறுத்தக்கூடியது 1, ஓடுகிறது, பார்த்தாலே குறை தெரியும் என்பது 4. இந்தியக் கார்களுக்கு எல்லோரும் ஏற்கும் அப்படியொரு பட்டியல் இல்லாததால், மதிப்பீட்டு அறிக்கையே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அறிக்கையை யார் எழுதுகிறார் என்பது முக்கியம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உரிமம் பெற்ற, மோட்டார் பிரிவுக்குத் தகுதியுள்ள சர்வேயர் எழுதியதை நிறுவனம் மதிக்கும். கார் கிளப்பின் கடிதம் நல்ல துணை ஆவணம். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளில் மாடல் வாரியாக விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடிதம் மட்டும் போதாது. பழைய கார் தெரியாத சர்வேயரிடம் கிளப் கடிதத்தையும் கொடுத்து, இரண்டையும் சேர்த்து அறிக்கை எழுதச் சொல்வது நல்ல வழி.

முதலில் நம்பர்கள். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் சேஸிஸ் பிரிண்ட்டை அறிக்கையோடு இணைத்துவிட்டால் பிறகு வாதம் வராது. பெட்ரோல் அம்பாஸடர்கள் பலவற்றில் இடையில் டீசல் என்ஜின் ஏறியிருக்கும். மாற்றம் ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் மதிப்பு மட்டுமல்ல, கிளெய்மே ஆட்டம் காணும். ஏறியிருந்தாலும் மூல என்ஜின் இல்லாத கார் ஒரு படி கீழேதான்.

அடுத்தது பாடி. பெயின்ட் கனம் அளக்கும் கேஜ் இருந்தால் கதவு, ஃபெண்டர், டிக்கி, கூரை என்று ஒவ்வொன்றிலும் நான்கைந்து இடத்தில் வைத்து எழுத வேண்டும். ஃபேக்டரி பெயின்ட் 100, 150 மைக்ரான் அளவில் இருக்கும். மறுபடி பெயின்ட் அடித்த கார் 200, 300 காட்டும், பழைய காரில் அது குறையல்ல. 1,000ஐத் தாண்டினால் பெயின்டுக்குக் கீழே பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கிறது. கேஜ் இல்லாவிட்டால் மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம் போதும். பட்டி தடித்த இடத்தில் பிடிக்காது. கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவின் உதடு, ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி ஆகிய மூன்றும்தான் முதலில் பொய்யைக் காட்டும்.

துரு இருக்கிறதா என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். அம்பாஸடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ் இல்லை, பாடியே சுமை தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும், தரையும், பின் ஸ்பிரிங் மாட்டும் இடமும் அரித்திருந்தால் காரின் எலும்பே போய்விட்டது என்று பொருள். ஹெரால்டு நேர் எதிர். அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு, பாடி துண்டுதுண்டாக அதன்மேல் போல்ட் போட்டு நிற்கிறது. கதவுக்குக் கீழே உள்ள தகரம் அரித்திருந்தால் கழற்றி வேறு மாட்டலாம். பார்க்க வேண்டியது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் பாடியைத் தாங்க நீளும் கைகளை. ராம்பில் ஏற்றி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொன்றையும் தட்டினால், நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது சத்தமே இல்லாமல் மண்ணாகக் கொட்டும். பாடி பளபளப்பாக இருந்து இந்தக் கைகள் போயிருந்தால், அதை நல்ல நிலைக் கார் என்று எழுதுவது தவறான அறிக்கை.

ஹெரால்டில் கிளெய்மோடு நேராக மோதும் இன்னொரு பாகம் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் உள்ள மரை, ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திரும்புகிறது. அதற்குள் ஈ.பி. 90 கியர் ஆயில் போக வேண்டும். பழக்கதோஷத்தில் மெக்கானிக் அதில் கிரீஸ் அடித்துவிடுகிறார். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது, தண்ணீர் தங்கித் துருவேறும், ஒருநாள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் உள்பக்கமாக மடங்கும். தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் பாலிசி விலக்கியிருக்கிறது. ஒடிந்த தண்டுக்குப் பணம் வராது, தொடர்ந்து ஃபெண்டருக்கு வந்த சேதத்துக்கும் சண்டை போடவேண்டி வரும். ஆயில் போட்ட தேதிகளோடு ஒரு சர்வீஸ் நோட்டு இருந்தால் கவனக்குறைவு என்ற வாதம் எடுபடாது.

நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது. இரண்டு கதவு மாடலுக்கு இங்கிலாந்திலிருந்து பல பாகங்களைத் தருவிக்கலாம், நான்கு கதவு மாடலின் கதவுத் தகரத்துக்கு அந்த வழியும் இல்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் கையால் தட்டித்தான் எடுக்க வேண்டும். பாகம் கிடைக்கும் வாய்ப்பைப் பற்றி அறிக்கையில் ஒரு பத்தி இருக்கட்டும், பழுதுச் செலவைத் தீர்மானிப்பது அதுதான்.

செலவழித்த தொகையும் மதிப்பும் ஒன்றல்ல

எட்டு லட்சம் செலவழித்து மீட்டெடுத்த கார் ஐந்து லட்சத்துக்குத்தான் போகும் என்றால், அதன் சந்தை மதிப்பு ஐந்து லட்சம். தாத்தா வாங்கிய கார் என்ற பெருமைக்கு எந்த நிறுவனமும் விலை போடாது. பில்களைக் கூட்டி ஐ.டி.வி. கேட்டால் கிளை மேலாளர் மறுக்கத்தான் செய்வார். பில்கள் காரின் நிலைக்கு ஆதாரம், விலைக்கு ஆதாரம் அல்ல. விலைக்கு ஆதாரம் அதே மாடலில், அதே தரத்தில் உண்மையில் கைமாறிய கார்களின் தொகை. விளம்பர விலை கேட்கும் விலை மட்டுமே. மூன்று நான்கு விளம்பரங்களைத் தேதியோடு சேமித்து, அவை எவ்வளவு நாள் விற்காமல் கிடக்கின்றன என்பதையும் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும். கிளப் உறுப்பினர்களிடையே நடந்த விற்பனைகளின் ரசீது கிடைத்தால் அதைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை.

மதிப்பை வேண்டுமென்றே ஏற்றிச் சொல்வது ஆபத்தானது. இன்ஷூரன்ஸ் ஒப்பந்தம் இரு தரப்பின் நேர்மையில் நிற்கிறது. மூல என்ஜின் இல்லாததை மறைத்து எழுதினால், கிளெய்ம் வரும்போது முழுப் பாலிசியுமே கேள்விக்குள்ளாகும்.

கிளையில் பேசுவது எப்படி

இணையத்தில் ஐ.டி.வி. ஒரு சின்ன எல்லைக்குள்தான் நகரும், இத்தனை வயதான காருக்குப் பல தளங்கள் மூன்றாம் நபர் பாலிசி தவிர வேறொன்றும் காட்டாது. நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய், அண்டர்ரைட்டிங் அனுமதி, அதாவது இந்த மதிப்பில் பாலிசி தரலாம் என்ற நிறுவனத்தின் ஒப்புதல், கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாலிசி முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு தொடங்குங்கள். கிளையிலிருந்து மண்டல அலுவலகத்துக்குப் போய் வர நாளாகும், நடுவில் பாலிசி முடிந்துவிட்டால் மறுபடி இன்ஸ்பெக்ஷன் வரும், 90 நாள் தாண்டினால், கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போகும்.

கோப்பில் சர்வேயர் அறிக்கை, உரிமம் எண்ணோடு. கிளப் கடிதம். ஆர்.சி. நகல். ஒப்பீட்டு விலைகள். முக்கிய வேலைகளின் பில். பிறகு பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள்: நான்கு மூலை, கூரை, கதவு இடைவெளிகள், என்ஜின் அறை, நம்பர் தகடு, டேஷ்போர்டு, சீட்டுகள், மேட்டைத் தூக்கித் தரை, ஸ்டெப்னி வைக்கும் குழி, ராம்பில் அடிப்பகுதி. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த படங்கள் இருந்தால் மிக நல்லது, பெயின்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அவைதான் சொல்லும். இந்த அறிக்கையின் தேதியும் எண்ணும் ப்ரொபோசல் படிவத்தில், அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்தில், குறிப்பிடப்பட வேண்டும், முத்திரை போட்ட நகல் உங்களிடம் இருக்க வேண்டும். ஐ.டி.வி. எதன் அடிப்படையில் ஏற்கப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

சாவியைப் பற்றியும் அப்போதே எழுதிவிடுங்கள். திருட்டுக் கிளெய்மில் எல்லா மூலச் சாவிகளையும் கேட்பது வழக்கம். அறுபது வருடக் காருக்கு ஒரே ஒரு டூப்ளிகேட் சாவிதான் இருக்கிறது என்றால், அது முன்பே பதிவாகியிருக்கட்டும்.

ஆர்.சி. செல்லுபடியையும் கவனிக்க வேண்டும். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஷெட்டில் நிற்கும் காருக்கு இதை மறந்துவிடுவது எளிது. தற்காலிகப் பதிவு காலாவதியான பின் வண்டி ஓட்டப்பட்டது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2021இல் ஒரு திருட்டு வழக்கிலும் அதையே உறுதி செய்தது. பதிவு இல்லாத காருக்கு எவ்வளவு ஐ.டி.வி. போட்டாலும் பயனில்லை.

சினிமா, கல்யாணம், ராலி

தனியார் கார் பாலிசி வாடகைப் பயன்பாட்டை விலக்குகிறது. பழைய கார்களுக்கு ஷூட்டிங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் நல்ல கிராக்கி, ஒரு நாள் வாடகை வாங்கிக்கொண்டு அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது. அந்த நாளில் கார் அடிபட்டால் சொந்தச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். ஷூட்டிங்குக்கு அனுப்புகிறவர் தயாரிப்பு நிறுவனம் எடுத்த காப்பீட்டில் தன் காரும், அதன் மதிப்பும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

ராலியில் நேரக் கணக்கோ வேகப் போட்டியோ இருந்தால் ஐ.எம்.டி. 31 என்ற தனி இணைப்பு தேவையா என்று முன்பே கேட்க வேண்டும். டிரெய்லரில் ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதம் சாதாரணப் பாலிசியிலேயே அடங்கும். ஆனால் காரை விட்டுவிட்டு வீல் கப், சின்னம், கடிகாரம் மட்டும் திருடுபோனால் அடங்குமா என்று உங்கள் பாலிசி வாசகத்தைப் படித்துப் பாருங்கள். மீட்டெடுப்பு வேலைக்காகக் கழற்றி வைத்த பாகங்களுக்கும் இதே கேள்வி எழும், வொர்க்‌ஷாப்பின் தீ, திருட்டுப் பாலிசியில் வாடிக்கையாளர் பொருள் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளெய்ம் வரும்போது

சர்வேயர் பார்க்கும் முன் ஒரு போல்ட்டையும் கழற்றக் கூடாது. வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர் ஏறிய என்ஜினைச் சுற்றியதால் கனெக்டிங் ராடு வளைந்தால், அது வெள்ளச் சேதம் அல்ல, பின்விளைவுச் சேதம் என்று ஒதுக்குவார்கள். புதுக் கார்களுக்கு உள்ள என்ஜின் பாதுகாப்பு, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தருவது) போன்ற இணைப்புகள் இந்த வயதுக்குக் கிடைப்பதில்லை.

பாகத்தை மாற்றுவதா, தட்டிச் சரிசெய்வதா என்ற முடிவில் பணம் இருக்கிறது. மாற்றினால் பாகத்தின் விலையில் பாதி உங்களுடையது. தட்டிச் சரிசெய்தால் அது கூலி, கூலியில் தேய்மானம் கழிவதில்லை. மூலத் தகரமும் காரிலேயே தங்கும். ஆகவே எஸ்டிமேட்டில் கூலியையும் பாகத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். புதுப்பேட்டையில் ரொக்கத்துக்கு வாங்கிய பழைய பாகத்துக்குப் பில் இல்லை என்றால் சர்வேயர் ஏற்க மாட்டார். வாங்குவதற்கு முன்பே அவரிடம் பேசி, கடைக்காரரிடம் ரசீது வாங்க வேண்டும்.

முழு இழப்பு என்று முடிவானால், ஐ.டி.வி.யிலிருந்து சால்வேஜ் மதிப்பைக் கழித்து, ஆர்.சி.யோடு காரை உரிமையாளரிடமே விடும் தீர்வு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஆர்.சி. ரத்தாகும் தீர்வில் கையெழுத்துப் போட்ட பிறகு திரும்ப வழியில்லை.

தொகையில் உடன்பாடு இல்லையென்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள், இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள். புகாரோடு வைக்க வேண்டிய முதல் தாள், ப்ரொபோசலோடு முத்திரை வாங்கி வைத்த அந்த மதிப்பீட்டு அறிக்கையின் நகல்.